சனிக்கிழமை கண்டாவுக்குப் போ

அன்புள்ள கயலுக்கு,

உன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டதாம். டோக்கியோவில் ஒரு டீமையே நடத்துகிற பெண், வேலை அப்படி என்று சொல்லி வைத்தேன். நீயோ செய்தியைப் பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. அத்தை அந்த விஷயத்தைக் கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை.

தினமும் கொன்பினிக் கடையில் வாங்கிய ஒனிகிரி சோற்றுருண்டையோடு ராத்திரியை முடிக்காதே. சனிக்கிழமை பழைய சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற கண்டா சுதாச்சோ பேட்டைக்குப் போ. அவாஜிச்சோ ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூர நடைதான். 1945 குண்டுவீச்சில் எரியாமல் தப்பிய மூலை அது. 1923 பூகம்பத்துக்குப் பிறகு கட்டிய கடைகள் இன்னும் நிற்கின்றன.

அங்கே சோபா, அதாவது பக்வீட் மாவு நூடுல்ஸ், விற்கிற யாபு சோபா கடை 1880-இல் தொடங்கியது. 2013-இல் தீப்பிடித்து, மறுவருஷம் புதுக் கட்டடத்தில் திறந்தார்கள். ஆனால் நீ முதலில் 1884-இல் வந்த மட்சுயா கடைக்குப் போ. கையால் பிசைந்து வெட்டிய சோபா. தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். இருக்கட்டும், எதிரே ஒரு முகம் இருந்தால் இரண்டு வாய் கூடவே இறங்கும். பன்னிரண்டு மணிக்குப் போனால் வரிசை. மூன்று மணி வாக்கில் போ. ஞாயிறு வேண்டாம், ஆபீஸ் பேட்டை, பல கடை மூடியிருக்கும்.

மோரி கேள். குளிர்ந்த சோபாவும் தொட்டுக்கொள்ள ட்சுயு என்கிற சாறும் வரும். அந்தப் பக்கத்து ட்சுயு உப்புத் தூக்கல். முழுக்க முக்கினால் சோபாவின் வாசனை செத்துவிடும். நுனியில் மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் போதும். வசாபி என்கிற காரப் பச்சை விழுதை ட்சுயுவில் கரைக்காதே, சோபாமேல் துளி வைத்துக்கொள். வந்ததும் உறிஞ்சிச் சாப்பிடு. போனை நோண்டினால் ஒட்டிக் கட்டியாகிவிடும். கடைசியில் சோபா வெந்த தண்ணீர் சூடாக வரும், நம் வடிகஞ்சி மாதிரி. மீதி ட்சுயுவில் ஊற்றிக் குடி. அதைக் குடிக்காமல் எழுந்துவிடாதே. வயிற்றுக்கு அவ்வளவு இதம்.

ட்சுயுவில் கட்சுவோ மீன் உண்டு, அமாவாசையன்று தொடாதே. அன்றைக்குத் தாகேமுரா இனிப்புக் கடையில் அகெமஞ்சு வாங்கு. அசுகிப் பயறு பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்தது, ஆறவிடாமல் தின்ன வேண்டும்.

இசேகென், போதான் என்று இரண்டு சாப்பாட்டுக் கடைகளும் பக்கத்திலேயே. முன்னது 1830-இலிருந்து இருக்கிறது, அன்கோ மீனைக் காய்கறியோடு கொதிக்கவைத்துத் தருவார்கள், குளிர்காலத்தில்தான் ருசி. போதானில் கரி அடுப்பில் இனிப்பும் உப்புமான சாற்றில் வேகும் கோழி சுகியாகி மட்டும். இரண்டுமே நடுவில் அடுப்பு வைத்துப் பகிர்ந்து உண்பது, தனியாளுக்கு ஒத்துவராது. யாரையாவது கூட்டிக்கொண்டு போ, கண்ணு. யாராக இருந்தாலும் சரி. நான் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். போன் பண்ணி இடம் சொல்லி வை. எத்தனை பேர் என்று கேட்பார்கள். இரண்டு என்று சொல்.

அப்பா