தாழி செய்கிற பிள்ளைக்கு

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை மூன்று தடவை பார்த்துவிட்டேன். தாத்தா போனதிலிருந்து எதைப் பிசைந்தாலும் செத்தவரை வைத்துப் புதைக்கிற தாழியாகவே வந்து நிற்கிறது, வாத்தியார்கூட ‘என்னப்பா இழவு வீடு மாதிரி’ என்கிறார், கொஞ்ச நாள் மண்ணைத் தொடாமல் இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

தொடாமல் இருக்காதே.

போன மாதம் விளாச்சேரியிலிருந்து நாங்கள் நாலு பேர் கீழடி அருங்காட்சியகம் போனோம். பக்கத்துக் கொந்தகைப் புதைகாட்டில் தோண்டிய தாழிகளைப் பார்த்து மற்றவர்கள் எலும்புக் கதை பேச, எனக்கு, செத்தவருக்கு வைத்த கிண்ணங்களை விட்டுக் கண் நகரவில்லை. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துவைத்து, உள்ளே காற்றுப் படாமல் சுட்டால் அப்படி வரும். விளிம்பு என்ன வழவழப்பு! குழிக்குள் போகப்போகிற சாமான் என்று தெரிந்தேதானே அந்த ஆள் அவ்வளவு நேரம் தேய்த்திருக்கிறான்? மேலுலகத்தில் சாப்பிடுகிறவர் வாயில் உறுத்தக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

புறநானூறு 256ஆம் பாட்டு ஞாபகம் இருக்கா? வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட பல்லி மாதிரி புருஷனோடு காடெல்லாம் வந்தவள், அவனுக்குச் செய்கிற தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கிறாளே, அது. எல்லோரும் அவளுக்காக அழுவார்கள். எனக்கு அந்தக் குயவர் நினைப்புத்தான். அவர் என்ன சொன்னார் என்று பாட்டில் இல்லை. அகலம் கூடினால் சுவர் கனமும் கூட்டணும், இல்லையென்றால் காயும்போதே விரிசல் விடும், அந்தக் கணக்கைப் போட்டபடி அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு பிடி மண் எடுத்திருப்பார்.

உன் தாத்தாவும் அந்த ரகம்தான். பாட்டி செத்த வருஷம் அய்யனார் கோயிலுக்குச் செய்த புரவியின் கழுத்தில் மணி மணியாக ஒட்டிக்கொண்டே இருந்தார். வெயிலிலும் மழையிலும் நின்று உதிரப்போகிற குதிரைக்கு ஏன் மாமா இவ்வளவு என்றேன். “உன் அத்தைக்கு மணிச் சத்தம் பிடிக்கும்மா” என்றார். மண் மணி எங்கே சத்தம் போடும்!

சரி, உன் வேலைக்கு வருகிறேன். இரண்டாவது தாழி நல்லா இருக்கு. முதலாவதில் பார்க்கிறவனை அழவைக்கப் பார்க்கிறாய், அந்தக் கீறல்கள் எல்லாம் வேண்டுமென்றே போட்டது என்று தெரிகிறது. அதை உடைத்து ஊறப்போடு.

அப்புறம், தாத்தாவை எடுத்த அன்று அவர் பானை தட்டுகிற தட்டுப்பலகையையும் கூடவே வைக்கச் சொன்னார்கள். நான் அடுப்படியில் ஒளித்துவிட்டேன், தப்போ சரியோ. பக்கத்து வீட்டு அண்ணன் வெள்ளிக்கிழமை பாண்டியன் ரயிலில் வருகிறார், கொடுத்துவிடுகிறேன். கைப்பிடியில் அவர் பெருவிரல் பட்டுப்பட்டு ஒரு பள்ளம் இருக்கும். உன் விரலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்.

அம்மா