கண்ணாடிக்கு அல்ல, தண்ணீருக்குக் கூலி வாங்குங்கள்: மீன்தொட்டி பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு மீன்தொட்டிகளைப் பராமரிப்பதைத் தொழிலாகச் செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். மீன் வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது: தொட்டியை நாமே பார்த்துக்கொள்வதா, மாதம் ஒருமுறை ஆள் வரச்சொல்வதா? நான் என் தொட்டியை நானே பார்த்துக்கொள்கிறவன். அதற்காக உங்கள் தொழில் தேவையில்லை என்று நினைப்பவன் அல்ல. பல வீடுகளுக்கு நீங்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் பல இடங்களில் அந்த வேலை நடக்கிற விதம் மீனுக்கு ஆகாத விதமாக இருக்கிறது. அதை உங்களிடமே சொல்வதுதான் முறை.

உங்களுக்குக் காசு கொடுப்பவர் பார்ப்பது கண்ணாடியை. பாசி போக வேண்டும், கூழாங்கல் புதிதுபோல் வெளுக்க வேண்டும், தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிய வேண்டும். அப்படி இருந்தால் ‘நல்லா பண்ணிட்டாங்க’ என்பார். அவர் திருப்திக்காக மொத்தத் தண்ணீரையும் இறைத்து, கல்லை அள்ளிக் கழுவி, ஃபில்டரைப் பிரித்துத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டு வருகிறீர்கள். தொட்டி பளபளக்கிறது. மீனை உயிரோடு வைத்திருந்த ஒன்று அந்தக் கழுவலில் சாக்கடைக்குப் போய்விட்டது.

உங்களில் அனுபவசாலிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த மடலை வீட்டுக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மீன் மூச்சுவிடும் செவுள் வழியாகவே பெரும்பாலான அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகி இன்னும் சேர்க்கின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், அது இரத்தத்தில் ஏறினால் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து இரத்தமே பழுப்பாகிவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது மிகக் குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. சாதாரண பாக்டீரியா அரை மணிக்குள் இரட்டித்துவிடும். இவை இரட்டிக்கப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். புதுத் தொட்டி பழக நாலு முதல் ஆறு வாரம் ஆவது அதனால்தான்.

உறவினர் ஒருவர் வீட்டில் இதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுமார் 60 லிட்டர் தொட்டி, பராமரிக்க வந்தவர் சுறுசுறுப்பான, பழகுவதற்கு இனிமையான மனிதர். ஃபில்டரைக் கழற்றி ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்தார். பழுப்புக் குழம்பு வழிந்தது. பிழிந்தார், திரும்பக் காட்டினார், மறுபடி பிழிந்தார். வெள்ளைத் தண்ணீர் வரும்வரை விடவில்லை. குழாய் நீரில் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரினின் வாசனை எனக்கே தெரிந்தது. கூடவே கல்லையும் வாளியில் போட்டு அலசினார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி சுத்தம். மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் படபடவென்று அடித்தது. சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய அம்மோனியா சோதனை நீர் கரும்பச்சைக்குப் போனது. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது.

அந்த ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஒரு வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுத்திருந்தால் போதும். அடைப்பு நீங்கியிருக்கும், பாக்டீரியாவும் தங்கியிருக்கும். இதைச் செய்ய கூடுதல் நேரமோ செலவோ கிடையாது. மாதாமாதம் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுவதும் இதே தவறுதான். அது உங்களுக்கு விற்பனை என்பது புரிகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி இதைவிட நுட்பமானது. நீண்ட நாள் யாரும் கவனிக்காத தொட்டிக்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே மீன்கள் எப்படியோ உயிரோடு இருக்கின்றன. அம்மோனியாவை மாற்றும் வேலை நடக்க நடக்கத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்து பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே அமிலம்) இறங்கிவிடும். 6-க்கும் கீழே போனால் பாக்டீரியாக்களே மந்தமாகி அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். நீங்கள் பாதிக்கு மேல் தண்ணீரை எடுத்துவிட்டு பி.எச். 8 உள்ள குழாய் நீரை ஊற்றுகிறீர்கள். மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பங்கு அந்த நிமிடமே விஷமாக மாறுகிறது. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் விஷ அம்மோனியாவின் விகிதம் ஏறக்குறைய பத்து மடங்காகும். மறுநாள் காலையில் மீன் மிதக்கும். ‘மீன் ஏற்கெனவே வீக்கா இருந்துச்சு’ என்று சொல்லப்படும். அந்த மாதிரித் தொட்டியில் நாளுக்குப் பத்து சதவீதம் என்று மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும். ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிற வேலை அல்ல அது என்று வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும்.

குளோரின் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது சரி. ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நீர் அப்படி அல்ல, எவ்வளவு வைத்தாலும் எளிதில் போகாது. குளோரின் நீக்கி மருந்தை அளந்து ஊற்றுவதுதான் வழி.

அப்புறம் வலையும், தொட்டித் தண்ணீரை அடியழுக்கோடு வெளியே இழுக்கும் சைஃபன் குழாயும். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, இரண்டுக்கும் அதே ஈர வலை. வெண்புள்ளி நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நீரில் நீந்தித் திரியும். ஈரம் இருந்தால் அது உங்களோடு வண்டியேறி வரும். நன்றாகக் காய்ந்த வலையில் பிழைக்காது. வீட்டுக்கு ஒரு வலை, ஒரு குழாய் என்று அங்கேயே வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி. இது உங்கள் உடம்புக்கும் சேர்த்துச் சொல்வது. மீன்தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்றொரு கிருமி இருக்கக்கூடும். கையில் சிராய்ப்பு இருந்தால் அதன் வழியே புகுந்து மாதக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். நாள் முழுதும் தொட்டிக்குள் கைவிடுகிறவர்கள் நீங்கள்தான். நீளக் கையுறை போடுங்கள். சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள், தயவுசெய்து.

சரி, யாருக்கு ஆள் வேண்டும், யாருக்கு வேண்டாம்? என் கருத்தைச் சொல்கிறேன். சிறிய, நடுத்தர நன்னீர்த் தொட்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர், கல்லின் அடியில் சைஃபன், கண்ணாடியில் ஒரு தேய்ப்பு. அரை மணி, முக்கால் மணிக்குள் முடியும். 500 லிட்டர் தொட்டி வேறு. கால் பங்கு என்றாலே 125 கிலோ தண்ணீர் வெளியே போய் 125 கிலோ உள்ளே வர வேண்டும். முழங்கால் வலியுள்ளவர், வயதானவர், அடிக்கடி ஊருக்குப் போகிறவர் ஆள் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கு உப்பின் அளவு, கால்சியம், காரத்தன்மை எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றிவிட்டு, உப்பு ஏறிக்கொண்டே போவது புரியாமல் திகைக்கிறவர்கள் உண்டு; உப்பு ஆவியாகாது, நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். அங்கே உங்கள் அனுபவத்துக்கு விலை உண்டு. புதுத் தொட்டியின் முதல் இரண்டு மாதமும் அப்படித்தான். சொல்லப்போனால் அந்தச் சமயத்தில்தான் ஆள் மிக அவசியம், அப்போதுதான் யாரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் எப்பேர்ப்பட்ட ஆளை வைத்தாலும் தினசரி வேலை வீட்டோடுதான் இருக்கிறது. நீங்கள் மாதம் ஒரு நாள் வருகிறீர்கள். தீனி தினமும் விழுகிறது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் போடுவதுதான் பாதித் தொட்டிகளின் நோய். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிற மீன், தீனிக்கு ஓடிவராத மீன், திடீரென்று சத்தம் மாறிய ஃபில்டர், இதையெல்லாம் பார்க்க வேண்டியது அந்த வீட்டில் இருப்பவர். ஆள் வருகிறார் என்ற தைரியத்தில் அவர்கள் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போனால் அந்தப் பழக்கம் இன்னும் முற்றும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். தொட்டியில் கைவைப்பதற்கு முன் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் சோதியுங்கள். அந்த எண்களைத் தொட்டிக்குக் கீழே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எத்தனை சதவீதம் தண்ணீர் மாற்றினீர்கள், என்ன மருந்து எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். ஃபில்டரையும் கல்லையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். தண்ணீரை இறக்குவதற்கு முன் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். வரும்போதெல்லாம் புது மீன் கொண்டுவந்து ‘இடம் இருக்கே’ என்று விற்காதீர்கள். வீட்டில் ஆர்வமாக ஒரு பிள்ளை நின்று பார்த்தால் சைஃபன் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மீன் சாகாத வீட்டில்தான் அடுத்த தொட்டி பெரிதாகும், அப்போது முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். மீன் அடுத்தடுத்துச் செத்த வீட்டில் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று: வந்தவர் கண்ணாடியில் கொஞ்சம் பாசியை விட்டுவிட்டு, ‘தண்ணீர் சோதித்தேன், 25 சதவீதம்தான் மாற்றினேன்’ என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கேட்ட கூலியை அப்படியே கொடுங்கள். சோதனைக்குத் தனியாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

பராமரிப்பவர்களே, உங்கள் ரசீதில் ‘தொட்டி சுத்தம்’ என்ற வரிக்கு மேலே ‘நீர்ச் சோதனை’ என்று ஒரு வரியைச் சேர்த்து அதற்கென்று ஒரு தொகை போடுங்கள். அடுத்த மாதத்திலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
தன் தொட்டியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு மீன் வளர்ப்பாளன்