கோர்ட் உத்தரவு வேண்டாம், தேதி போட்ட தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனநலம் குன்றியவர் டாக்டரிடம் வர மறுத்தால், கோர்ட் உத்தரவு வாங்கினால்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியும் என்று பல குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. அது 1987-ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டம் விட்டுப்போன எண்ணம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி, நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் முடிவெடுக்க நோயாளியே முன்கூட்டி நியமித்தவர், விண்ணப்பித்தால் போதும். அப்படி யாரையும் அவர் நியமிக்கவில்லை என்றால் உறவினரே விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ தனித்தனியே பார்க்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்று இருவருக்கும் தோன்றினால் 30 நாள் வரை சேர்க்கலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் தகவல் இல்லாமல்தான். "கிறுக்குத்தனமா நடக்கிறான்" என்பதை வைத்து டாக்டர் எதையும் முடிவு செய்ய முடியாது. "செவ்வாய் இரவு 2 மணி, டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒயரைப் பிடுங்கினார், 3 நாளாகத் தண்ணீர் மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, குடிப்பழக்கம், தூக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். வயதானவருக்கு ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம்.

காபியில் மாத்திரை கலக்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார். கல்யாணத்துக்கு என்று பொய் சொல்லி வண்டி ஏற்றினால், அடுத்த முறை யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் தீயில் கருகியது சங்கிலியோடுதான்.

உயிருக்கு ஆபத்து என்றால் 108. மனநோயால் ஆபத்தான நிலையில் இருப்பவரைப் போலீசார் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. இது 100-ஆம் பிரிவு. வீட்டாரே அடைத்து வைத்துக் கவனிக்காமல் விட்டால், நண்பரோ பக்கத்து வீட்டுக்காரரோ காவல் நிலையத்தில் சொல்லலாம். மாஜிஸ்திரேட் 10 நாள் வரை பரிசோதனைக்காகச் சேர்க்க உத்தரவிட முடியும்.

சேர்த்த விவரத்தை மருத்துவமனை 7 நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள், இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேர்த்தது தவறு என்று நோயாளியும் அங்கே முறையிடலாம். அதைக் குடும்பத்தாரே அவரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை