நனைந்த புத்தகத்துக்கு வெயில் ஆகாது

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. வெள்ளம் வடிந்ததும் நூலகப் புத்தகங்களை மொட்டை மாடியில் பரப்பிக் காயவைக்கும் படம் எப்படியும் நாளிதழ்களில் வந்துவிடும். எண்ணம் நல்லதுதான், புத்தகத்துக்குத்தான் கேடு. வெயிலில் தாளின் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும். முதுகுப்பக்கம் ஈரமாகவே கிடக்கும். அட்டை வளைந்து தையல் இழுபடும், முதுகிலுள்ள பசையில் பூஞ்சை பிடிக்கும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை கிளம்பலாம். எனவே அந்தக் கெடுவுக்குள் எத்தனை புத்தகங்களைக் கையாள ஆள் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சில பத்துப் புத்தகங்கள் என்றால் நிழலில் உலர்த்தலாம். சேறு இருந்தால் புத்தகத்தை மூடியபடியே இறுகப் பிடித்துச் சுத்தமான நீரில் அலசலாம். மையால் எழுதிய பதிவேடுகளை மட்டும் அலசக் கூடாது, எழுத்து கரைந்துவிடும். நீர் சொட்டுவது நின்ற பிறகே திறந்து, 20 தாளுக்கு ஒன்றாக அச்சிடாத நியூஸ்பிரிண்ட் தாளைச் செருக வேண்டும். அது ஊறியதும் மாற்ற வேண்டும். பழைய நாளிதழ் வேண்டாம். மை ஒட்டும், உங்கள் நாளிதழும் விலக்கல்ல! மின்விசிறி ஓடட்டும், ஆனால் காற்று நேரே புத்தகத்தின் மேல் அடிக்கக் கூடாது.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சான சிறப்பு மலர்களின் கதை வேறு. ஈரத்தில் அந்தத் தாளின் மேல்பூச்சு இளகும். பக்கங்கள் ஒட்டியபடி காய்ந்தால் கல்லாகிவிடும், பிறகு கிழியாமல் பிரிக்க வழியே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் தாள் செருக முடியாவிட்டால் உடனே உறையவைப்பதே நல்லது.

நூற்றுக்கணக்கில் நனைந்தாலும் அதே வழிதான். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் கிரேட்டில் ஒரே அடுக்காக, நெருக்காமல் வைத்து மைனஸ் 18 டிகிரிக்கு அனுப்ப வேண்டும். மிளகாய், புளி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு இதற்கு உதவாது, அங்கே நீர் உறையாது. இறால், மீன் ஏற்றுமதி செய்வோரின் கிடங்குகளில் அந்தக் குளிர் உண்டு; தூத்துக்குடி, சென்னைப் பகுதிகளில் அவை இருக்கின்றன. உறையவைத்தால் புத்தகம் காய்ந்துவிடாது. கெடுவுதான் நீளும். பிறகு கைக்கு அடங்கும் அளவில் பத்துப் பத்தாக எடுத்து உலர்த்தலாம்.

மழை வந்தபின் கிடங்கு தேடினால் 48 மணி நேரம் தேடுவதிலேயே போய்விடும். மாவட்ட நூலக அலுவலகங்கள் இப்போதே ஒரு கிடங்கோடு பேசி, கிரேட்டும் பட்டர் பேப்பரும் வாங்கி வைக்கட்டும். புத்தக அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர வேண்டும். எதை முதலில் தூக்குவது என்ற பட்டியலையும் கதவருகே ஒட்ட வேண்டும். நூல் சேர்க்கைப் பதிவேடும் மறுபதிப்புக் காணாத பழைய இதழ்த் தொகுப்புகளும் அதில் மேலே வரட்டும். கடையில் இன்றும் கிடைக்கும் நாவல்கள் கடைசியில் வந்தால் போதும்.

நூல் பாதுகாப்புப் பணியாளர்,
தஞ்சாவூர்