லாரா கேட்ட கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறு வயது வாழ்க்கையை வைத்து எழுதிய ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’யைத்தான் சொல்லி வருகிறேன். இனியும் சொல்வேன். ஆனால் பெரியவர்களும் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும்.

விக்கிரமசிங்கபுரத்தில் வளர்ந்த எனக்குச் சிறு வயதில் அதில் வீடு கட்டும் பக்கங்கள்தான் உயிர். ஆணியே இல்லாமல் லாராவின் அப்பா கதவு செய்வதை எத்தனை தடவை படித்திருப்பேன்! கண்ணாடி ஜன்னலோடு அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் வண்டியேறும் இடத்தில் அழுதிருக்கிறேன்.

இப்போது பேத்திக்கு வாசித்துக் காட்டும்போது வேறோர் இடத்தில் நின்றுவிட்டோம். வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறினால் பூர்வகுடிகள் நகர்ந்துதான் போக வேண்டும் என்கிறார் அப்பா. இது அவர்களுடைய பூமி இல்லையா, அவர்களுக்குக் கோபம் வராதா என்று லாரா கேட்கிறாள். கேள்வி கேட்டது போதும், தூங்கு என்று முடித்துவிடுகிறார். “அப்போ கோபம் வருமா வராதா, ஆச்சி?” என்றாள் பேத்தி.

அவளுக்கு உள்ளதைச் சொன்னேன். அமெரிக்காவின் கன்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டியது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில். அங்கே குடியேற இவர்களுக்கு உரிமை கிடையாது. 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஓசேஜ் மக்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பியது. 1867இல் பிறந்த லாராவுக்கு அப்போது மூன்று வயதுதான்; புத்தகம் வந்தது 1935இல். பூர்வகுடிகளையும் கறுப்பினத்தவரையும் அவர் எழுதிய விதத்துக்காக, 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு தன் விருதிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டது. அதற்காகப் புத்தகத்தை ஒளித்து வைக்கச் சொல்ல மாட்டேன். குடும்பமே மலேரியாவில் கிடக்கும்போது வந்து காப்பாற்றும் கறுப்பின மருத்துவரும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறார்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட முடியவில்லை. பாபநாசம் அணைப் பக்கம் வருகிறவர்கள், “மேலே யார் இருக்கா, வெறும் காடுதானே” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மலையில் சின்ன மயிலாறிலும் சேர்வலாறிலும் காணி என்ற பழங்குடி மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் தேனை வாங்கித்தான் எங்கள் வீட்டில் மருந்து குழைப்பார்கள்.

உங்கள் சிறுவர் பகுதியில் இந்த நூலை அறிமுகம் செய்தால், ஓசேஜ் மக்களைப் பற்றியும் கூடவே எழுதுங்கள். நம் மலையிலுள்ள காணிப் பிள்ளைகளையும் அவர்கள் ஊர்க் கதைகளை எழுதச் சொல்லி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை