இறுகிப்போன மைக்ரோமீட்டர்

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் இறுகிவிட்டதென்று போனில் சொன்னாயே, கைவேலையைப் போனில் விளக்க எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அளவு நகராமல் பிடித்துவைக்கும் லாக்கைப் பார். லாக் பாதி பிடித்திருக்கும்போதே திருகுகிறவர்கள் நம் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் நிறையப் பேர். லாக் விட்டும் இறுக்கமென்றால் கடைசிவரை மெதுவாகத் திருகிப் பார். முழு ஓட்டமும் ஒரே மாதிரி இறுகினால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், மெஷினில் சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் உள்ளே போய்க் காய்ந்திருக்கும்.

இப்படியே வைத்து அளந்தால் அளவே கெட்டுப்போகும், கண்ணு. ஸ்பிண்டில் (திருகினால் நகரும் தண்டு) ஜாப்பை, அதாவது அளக்கும் பொருளை, சரியாகத் தொடுவதற்குள் ராட்செட் (அழுத்தம் மிகாமல் காக்கும் முனைத்திருகு) நழுவிவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். சரியென்று திம்பிளை (கையால் திருகும் உறையை) பிடித்து முறுக்கினால் வில் போல வளைந்த ஃப்ரேம் விரிந்து குறைவாகக் காட்டும். ஒரு கோடு 0.01 மி.மீ. என்கிற கருவியில் இந்த இரண்டுமே ஆகாது.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள். திம்பிளைத் திருகிக்கொண்டே போனால் ஸ்பிண்டில் கழன்று கையோடு வரும். மரையில் (திருகுப் புரியில்) பழுப்பாக ஒட்டியிருக்கும் பார். பழைய வேட்டித் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, மரைமேல் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலை மட்டும் சுற்று. துணி மரை வழியாகவே நகர்ந்து அழுக்கை முனைக்குத் தள்ளும். துணியில் கறை படாத வரைக்கும் செய். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் நூல் மரையில் சிக்கும். ஸ்லீவுக்குள் (திம்பிளுக்கு உள்ளே இருக்கும் கோடு போட்ட குழாய்க்குள்) இருக்கும் மரைக்கு மெல்லிய பிரஷ் போதும். ஏர் அடிக்காதே, தூசு உள்ளேதான் போகும். எமரித்தாள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. மட்டும் நகரும் மரை அது, தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

நன்றாகக் காய்ந்ததும் மரையில் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போதும், கிரீஸ் கூடாது. திரும்பப் பூட்டும்போது மரை தானாக ஏறவேண்டும். தடுத்தால் பின்னால் வந்து மறுபடி பிடி.

அப்புறமும் ஒரே மாதிரி இறுகினால் ஸ்லீவின் பின்முனையில் இருக்கும் அட்ஜஸ்டிங் நட்டைத் துளி தளர்த்திப் பார். திம்பிள் முன்னும்பின்னும் ஆடினால் அதிகம் தளர்த்திவிட்டாய் என்று அர்த்தம்.

அளக்கும் முகங்கள் இரண்டுக்கும் நடுவே சுத்தமான காகிதத்தை லேசாகப் பிடிக்கவிட்டு இழுத்து எடு. கைச்சூடு ஆறட்டும், பிறகு ராட்செட்டால் மூடி ஜீரோ பார். சின்ன வித்தியாசமென்றால் கொக்கி போன்ற சி ஸ்பேனரால் ஸ்லீவைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனாலும் கழற்றியதை, கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் காலிபிரேஷன் பிரிவில் கண்டிப்பாகச் சொல். அவர்கள் பார்த்துத் தரும்வரை அதில் எந்த ஜாப்பையும் பாஸ் செய்யாதே.

முதலில் திருகிப் பார்க்கும்போதே ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம். அதோடு நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா.

அன்புடன்,
அப்பா