பரந்தனைப் பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

நாட்டைக் கட்டியெழுப்ப இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் ஒருநாள் எங்கள் சனிக்கிழமை வகுப்பின் பின்வாங்கில் வந்து இருந்து பார்க்கலாம்.

நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன மாதம் மின்பகுப்புப் பாடம். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் கிடைக்கும் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இதைத்தானே அப்பப்பா பரந்தனில செய்தவர்?" என்றாள்.

அதேதான். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அதைத்தான் செய்தார்கள். போர் அதை நிறுத்திவிட்டது. 2009இல் போர் முடிந்தபோது இந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகள். தொழிற்சாலை ஓடியதை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அது திரும்ப ஓட என்னென்ன வேண்டும் என்று அன்று முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். மின்சாரச் செலவு கட்டுமா, கழிவுநீர் எங்கே போகும், குளோரினை யார் வாங்குவார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்கே பாதிக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் பாடம் எங்கே நடக்கும்! மற்றவர்களிடமும் உங்களுக்கு என்ன ஆசை என்று கேட்டேன். ஒரு பெடியனின் தாய் முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறார். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தப்படி 2028க்குள் நாட்டில் அந்த வேலை முடிய வேண்டும். "வெடி எடுத்து முடிஞ்சா அந்தக் காணியில என்ன விளையும் எண்டு ஆரும் மண்ணைச் சோதிச்சுப் பாத்தவையோ?" என்றான். விவசாய பீடத்துக்குப் போவதுதான் அவன் எண்ணம். இன்னொருத்தி சிங்களம் படித்து மொழிபெயர்ப்பாளராகப் போகிறாளாம். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே சட்டத்தில் எழுதியாயிற்று, அவள் வீட்டுக்கு வரும் கடிதங்கள் மட்டும் இன்னும் சிங்களத்தில்தான் வருகின்றன.

எல்லோரும் இங்கேயே இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்த அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். எங்கள் வீட்டு மதில் அவன் அனுப்பிய காசில் கட்டியதுதான், அதனால் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "அங்க ஏதும் தொடங்கினா சொல்லுங்கோ அப்பா" என்கிறான்.

இளைஞர் பங்களிப்பு என்று இங்கே நடப்பது பெரும்பாலும் சிரமதானம். ஒரு டீசேர்ட், ஒரு பதாகை, ஒரு படம், சரி. பற்றை வெட்டப் பிள்ளைகளுக்குப் பஞ்சியில்லை. ஆனால் திட்டம் போடும் மேசைக்கு அவர்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. பெற்றோர் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அரச உத்தியோகம், இல்லாவிட்டால் கனடா என்று வீட்டிலேயே கதையை முடித்துவிடுகிறோம்.

ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை 2025 மார்ச்சில் திறந்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பரந்தனையும் திறக்கப் போவதாகப் பல தடவை சொல்லிவிட்டார்கள். திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேலை, அதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வெளியிட்டால் போதும். அறிவியல்நகரில் பொறியியல் பீடமே இருக்கிறது. அந்த மாணவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் வைக்கலாம்.

உங்கள் நிருபர் யாராவது உரிய அமைச்சில் விசாரித்து எழுத முடியுமா? பரந்தனைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளைக்கு இந்த வருடம் பரீட்சை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னிடம் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்,
கிளிநொச்சி